அரிசி, ஐசி, பின் நம்பர்

1950களில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் சோற்றுத் தூக்கோடு வேலியைத் தாண்ட முடியாத நாட்கள் இருந்தன. வாசலில் சோதனை. பால் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். வாளிக்கு இரட்டை அடி இருக்கிறதா என்று தட்டுவார்கள். சைக்கிள் பம்பைக் கழற்றச் சொல்வார்கள், அதற்குள் அரிசியை அடைத்துக் கொண்டுபோனவர்கள் உண்டு. கடையில் டின் சார்டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய் உடனே சாப்பிட்டால் சரி, காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு அனுப்ப நினைத்தால் போய்ச் சேருவதற்குள் கெட்டுவிடும். சில இடங்களில் அரிசியாக விற்பதையே நிறுத்திவிட்டு, பொதுச் சமையற்கூடத்தில் சோறாக்கி அளந்து போட்டார்கள். இந்தப் புழுக்கத்தில் சோறு மறுநாள் தாங்காது என்பதுதான் கணக்கு.

அவசரகாலம், டாருராட், கம்யூனிஸ்ட் காலம் என்று ஆளுக்கொரு பெயரில் சொல்லும் அந்த 12 ஆண்டுகளில் (1948 முதல் 1960 வரை) நெகிரி செம்பிலானும் நிம்மதியாக இருக்கவில்லை. 1952இல் சிரம்பான் வட்டாரத்தில் நடந்த 'ஆப்பரேஷன் ஹைவ்' படையைக் குவித்ததோடு உணவையும் இறுக்கிப் பார்த்த நடவடிக்கை. யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டால் கெட்டிக்கார யோசனைதான். காட்டில் ஆளைத் தேடிப் பிடிப்பது கடினம், ஆனால் அந்த ஆளுக்குப் பசிக்கும். எதிராளிக்கு எது இல்லாமல் ஒருநாளும் ஓடாதோ, அதில் கை வைத்துவிட்டால் அவன் மறைந்திருக்கும் இடத்தைத் தேட வேண்டியதில்லை.

கணக்கின் மறுபக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. விடியலில் எழுந்து நூற்றுக்கணக்கான மரம் வெட்டிவிட்டு, பசியாற ஒன்றும் இல்லாமல் பால் சுமந்தவளின் பசி எந்த பட்ஜெட்டில் ஏறும்?

மாநில எல்லைக்கு அந்தப்பக்கம், சிலாங்கூரில் செமினியில், வாசல் சோதனையில் பெண்களை நடத்திய விதம் பற்றிப் புகார் வெடித்தது. விசாரணை வைத்து, 1956இல் அறிக்கை வெளியிடும் அளவுக்குப் போனது. அது சீனர்கள் குடியமர்த்தப்பட்ட புதுக்கிராமம். தோட்ட வாசல்களில் நடந்ததற்கு அப்படி ஓர் அறிக்கையை நான் பார்த்ததில்லை.

*

பால்மரத்துக்கு ஒரு குணம் உண்டு. விடியலின் குளிர்ச்சியில்தான் நன்றாகச் சுரக்கும். வெயில் ஏற ஏறப் பால் ஒழுக்கு குறையும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, இருட்டிலேயே உளியும் தலையில் விளக்குமாக நிரைக்குப் போவது.

ஊரடங்கு போட்டால் என்ன ஆகும்? விடிந்து, வேலி திறந்து, சோதனை முடிந்து, அதன்பிறகு நடை. அந்த நடையும் முன்பைவிட நீளம். காட்டோரம் சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் பெயர்த்துக்கொண்டு வந்து, ஆபீஸ் பக்கமாக ஒரே வேலிக்குள் வைத்திருந்தார்கள் அல்லவா. 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தில் சுமார் ஐந்து லட்சம் பேர் புதுக்கிராமங்களுக்குப் போனதைப் பற்றி நிறைய நூல்கள் இருக்கின்றன. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் இப்படி ஒன்றாகக் கூட்டி வேலியடைக்கப்பட்டவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். அதில் தமிழர்கள் பெரும்பங்கு. அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

எடைக்குக் கூலி வாங்குகிறவருக்கு ஒரு மணி நேரத் தாமதம் என்றால் வாளியில் பால் குறைகிறது, கூலியும் குறைகிறது. ஊரடங்கைப் போட்டவர் கோலாலம்பூரில் இருக்கிறார், அவருக்கு மாதச் சம்பளம்.

*

எந்தக் காவல் ஏற்பாட்டைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வது என் வழக்கம். எதைக் காக்கிறார்கள்? யாரிடமிருந்து? யார் செலவில்? முதல் இரண்டையும் எல்லாரும் கேட்பார்கள். மூன்றாவதைக் கேட்டால் கூட்டத்தில் ஒரு இருமல் சத்தம் வரும்.

*

1948 ஜூன் 16 அன்று பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அதிலிருந்து தொடங்குகிறது. அதன்பிறகு துரை பங்களாக்களுக்கு மணல்மூட்டை, முள்கம்பி, விளக்கு, இரும்புத் தகடு அடித்த கார் எல்லாம் வந்தன. ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் வந்தார்கள், பெரும்பாலும் மலாய்க்கார இளைஞர்கள். தோட்டக் கிராணிகளும் கங்காணிகளும் சுடப்பட்டதுண்டு. அவர்கள் வீட்டைச் சுற்றி மணல்மூட்டை அடுக்க யாரும் அவசரப்பட்டதாகத் தெரியவில்லை.

கெரில்லாக்கள் பால்மரங்களின் பட்டையைத் தாறுமாறாகக் கொத்திப் போட்டார்கள். நோக்கம் கம்பெனிக்கு நஷ்டம். பட்டை மறுபடி வளர ஆண்டுக்கணக்காகும். ஆனால் அந்த நிரையில் வெட்டிக்கொண்டிருந்தவருக்கு நாளைக் காலை வேலை எங்கே? தொழிலாளிக்காகப் போராடுவதாகச் சொன்னவர்கள் விட்ட வெட்டு, முதலில் விழுந்தது தொழிலாளியின் மரத்தில்.

*

ஐசி என்று நாம் சட்டைப்பையில் வைத்திருக்கும் அட்டையும் அந்தக் காலத்துச் சரக்குதான். 1948இல் அவசரகால விதிகளின்கீழ் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் புகைப்படம், பெருவிரல் ரேகையோடு அடையாள அட்டை. காட்டில் இருப்பவனிடம் அட்டை இருக்காது. அட்டை இல்லாதவனைப் பிடித்தால் போதும். அவ்வளவு எளிய வலை.

காட்டில் இருந்தவர்களுக்கும் இது உடனே புரிந்துவிட்டது. அவர்கள் பஸ்ஸை நிறுத்தி அட்டைகளைப் பிடுங்கி எரித்தார்கள். பதிவு செய்ய வந்தவர்களையும் படம் எடுக்க வந்தவர்களையும் தாக்கினார்கள். எல்லாரிடமும் அட்டை இருந்தால்தான் இல்லாதவன் தனியாகத் தெரிவான். பாதிப் பேரிடம் இல்லாமல் செய்துவிட்டால் வலையில் ஓட்டை விழுந்துவிடும். தாக்குகிறவன் முட்டாள் என்று நினைத்துத் திட்டம் போடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

நடுவில் நின்ற தோட்டத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். அட்டையைக் கொடுத்தால் போலீஸ் பிடிக்கும், கொடுக்காவிட்டால் காட்டுக்காரன் கத்தி. காட்டுக்காரனுக்குச் சந்தா கொடுத்தால் சட்டப்படி குற்றம், மறுத்தால் இரவில் கதவு தட்டும் சத்தம். இரண்டு பக்கமும் அவரைப் 'பாதுகாப்பதாகவே' சொல்லிக்கொண்டது.

டாருராட் 1960 ஜூலை 31இல் முடிந்தது. அட்டை முடியவில்லை. 2001இல் சில்லு வைத்த மைகார்டாக மாறி, இன்று வங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடம், அரசு உதவி என்று எல்லாக் கதவுக்கும் அதுவே சாவி. காட்டில் இருந்தவனை அடைக்கப் போட்ட கதவு வேறு யாரை வெளியே நிறுத்துகிறது தெரியுமா? லயத்திலேயே பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டுப்போன பிள்ளைகளை. அப்பா அம்மா கல்யாணம் கோயிலில் நடந்தது, பதிவாகவில்லை. மருத்துவச்சி பார்த்த பிரசவம், யாரும் போய்ச் சொல்லவில்லை. பிள்ளை வளர்ந்து சிவப்பு ஐசியோடோ, அதுவும் இல்லாமலோ நிற்கிறது. யாருக்கும் எந்த ஆபத்தும் விளைவிக்காத ஒருவரை, ஆபத்தானவரைப் பிடிக்கச் செய்த கருவி எழுபது ஆண்டு கழித்தும் பிடித்து வைத்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீலாய், லாபு பக்கம் தோட்டமாக இருந்த நிலத்தில் இப்போது வேலி போட்ட வீடமைப்புகள். வாசலில் ஜாகா, பெரும்பாலும் நேப்பாளி, ஏனென்றால் வெளிநாட்டுக் காவலாளிகளில் நேப்பாளிகளை மட்டுமே அரசு அனுமதிக்கிறது. உள்ளே போக வேண்டுமானால் ஐசியைக் கொடு என்கிறார்கள். பார்த்து எழுதிக்கொள்வது வேறு, வாங்கி வைத்துக்கொள்வது வேறு. வாங்கி வைத்துக்கொள்ள அவருக்குச் சட்டத்தில் அதிகாரம் கிடையாது. ஆனாலும் கொடுத்துவிட்டுத்தான் போகிறோம், பின்னால் கார் ஹார்ன் அடிக்கிறதே. ஒரு மேசை டிராயர் நிறைய ஊரார் ஐசி கிடக்கிறது. திருடுகிறவன் வீடு வீடாக ஏறுவானா, அந்த டிராயரைத் திறப்பானா?

*

தஞ்சோங் மாலிம், 1952 மார்ச். பேராக்கைச் சேர்ந்த ஊர் என்றாலும் இங்கே குறித்து வைக்கிறேன். கெரில்லாக்கள் பதுங்கித் தாக்கியதில் 12 பேர் செத்த பிறகு, ஹைகமிஷனர் டெம்ப்ளர் அங்கே 22 மணி நேர ஊரடங்கு போட்டு, அரிசிப் பங்கையும் குறைத்தார். ஊரையே தண்டித்தது சரியா என்று லண்டன்வரை சண்டை. அதை விட்டுவிட்டு, அடுத்து அவர் செய்ததைக் கவனியுங்கள். வீடுதோறும் ஒரு தாள். தெரிந்ததை எழுதலாம், எழுதாமலும் விடலாம், பெயர் வேண்டாம். ஆனால் தாளை எல்லாரும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பூட்டிய பெட்டியில் போட்டு, ஊர்ப் பிரதிநிதிகள் கூடவே போக, கோலாலம்பூரில் அவர் முன்னிலையில் திறந்தார்கள்.

காட்டிக்கொடுத்தவன் யார் என்று தெரிந்தால் அவன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. எழுதியவர் மட்டும் பெட்டிக்குப் போயிருந்தால் ஊரே பார்த்திருக்கும். எல்லாரும் போனதால் யாரும் தெரியவில்லை. ஒன்றும் எழுதாமல் வெற்றுத் தாளை மடித்துப் போட்டவர்கள்தான் எழுதியவரைக் காப்பாற்றினார்கள். இன்றைக்கு நிறுவனங்களில் 'பெயர் சொல்லாமல் புகார் கொடுங்கள்' என்று பெட்டியைக் கொண்டுபோய் மேனேஜர் அறைக்கு எதிரில் மாட்டுகிறார்களே, அவர்களுக்கு இந்த நுணுக்கம் எட்டவில்லை.

*

தற்காலிகம் என்று வந்த சட்டங்களுக்கு ஆயுள் கெட்டி. அவசரகால விதிகள் போகும்போதே, 1960இல், விசாரணையின்றித் தடுத்து வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. காட்டுக்காரர்களுக்காக என்று வந்தது. 2007 டிசம்பரில் இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராப்பின் தலைவர்கள் ஐந்து பேர் அதில்தான் உள்ளே போனார்கள். 2012இல் அது போய் சோஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டம் வந்தது. அதன்கீழ் 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று 12 பேரைப் பிடித்தபோது, அவர்களில் ஒருவர் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி. குணசேகரன். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்குகளைக் கைவிட்டார். இடைப்பட்ட மாதங்களை அவர்களுக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

*

பழைய பலகை லயங்களில் இரண்டு வீட்டுக்கு நடுவிலுள்ள தடுப்பு கூரைவரை போகாது. பக்கத்து வீட்டில் தாளிப்பதும் கேட்கும், சண்டையும் கேட்கும், கொலுசும் கேட்கும். ரகசியம் என்று ஒன்று வைத்துக்கொள்ள வழியில்லை. ஆனால் புதுக்காலடி கேட்டால் பத்து வீடும் விழித்துக்கொள்ளும். அடுக்குமாடிக்கு மாறிய பிறகு இரும்புக் கிரில், இரண்டு பூட்டு. பக்கத்து வீட்டில் அடித்து இழுத்தாலும் கேட்பதில்லை. எது மேல் என்று அம்மாக்களிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இளம்பெண்கள் எல்லாரும் சுவர்தான் என்கிறார்கள்.

*

செம்பனைத் திருட்டு. பகாவ் பக்கம் ஒரு தோட்ட வாசலில் தடுப்புக் கம்பு, ஜாகா குடிசை, லாரி நம்பர் எழுதும் நோட்டு. சற்றுத் தள்ளி எல்லைப் பள்ளத்தின் குறுக்கே இரண்டு பலகை, அதன்மேல் மோட்டார் சைக்கிள் டயர்த் தடம். பார்த்ததும் சிரிப்பு வந்தது, ஆனால் ஜாகாவைக் குறை சொல்ல முடியாது. ஹெக்டருக்குச் சுமார் 136 மரம் என்றால் ஆயிரம் ஹெக்டரில் 1,36,000 மரம். எந்த ஜாகா எந்த மரத்தடியில் நிற்பது?

திருடன் என்று ஒரே ஆளை நினைப்பதால் வரும் குழப்பம் இது. கொட்டிக் கிடக்கும் உதிரிப் பழத்தைச் சாக்கில் பொறுக்கும் பையன் ஒருவன். ராத்திரி மோட்டார் சைக்கிளில் ஐந்தாறு குலை ஏற்றுகிறவன் இன்னொருவன். பட்டப்பகலில், முறையான லாரியில், எடைச் சீட்டோடு, உள்ளே ஒருவரைச் 'சரிக்கட்டி' ஏற்றுகிறவன் மூன்றாமவன். வாசல் கம்பு மூன்றாமவனுக்காக. அவனோ ஜாகாவுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறான். பள்ளம் இரண்டாமவனுக்காக, அவனிடம் பலகை இருக்கிறது. பிடிபட்டு அடி வாங்குகிறவன் என்னவோ முதலாமவன்தான்.

2022இல் பழம் டன் ஆயிரம் வெள்ளியைத் தாண்டியபோது இருபது கிலோக் குலை ஒன்று இருபது வெள்ளிக்கு மேல். விலை ஏறினால் திருடனும் சேர்ந்து ஏறுகிறான். ஆனால் அவனுக்கு ஒரு இக்கட்டு உண்டு. பழத்தை நகைபோலப் பதுக்க முடியாது. வெட்டிய ஓரிரு நாளில் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். ஆகவே விற்க ஓடுவான். வாங்குகிறவருக்கு மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வேண்டும். 1,36,000 மரத்தைக் காப்பதைவிட, பக்கத்தில் பழம் வாங்கும் நாலைந்து ரேம்ப்களின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவது மலிவு. ரப்பர் காலத்திலும் இதே தந்திரம்தான். ஒட்டுப்பால் திருட்டை நிரையில் நின்று தடுக்க முடியாதென்று வெள்ளைக்காரன் வாங்குகிறவனுக்கு லைசென்ஸ் வைத்தான். அரிசியை மறித்ததும் ஏறக்குறைய இதே புத்திதான், செலவு போன இடம்தான் வேறு. இங்கே தொல்லை ரேம்ப் தவுக்கேக்கு, தொழிலாளி வயிற்றுக்கு இல்லை.

*

எதிரி யார் என்பதைத் தப்பாகப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு காவல் போட்டாலும் வீண் என்பதற்கு இந்த மாநிலத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது: போர்ட்டிக்சன் மாவட்டத்து புக்கிட் பெலாண்டோக். சுற்றிலும் தோட்டங்கள், நடுவில் சீனர்களின் பன்றிப் பண்ணைகள்.

1998 செப்டம்பர் வாக்கில் பேராக்கில் மூளைக்காய்ச்சல் தொடங்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். அது கொசுவால் வருவது. ஆகவே புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பேராக்கில் விலை விழுந்த பன்றிகளை லாரியில் ஏற்றி இங்கே விற்றார்கள், நோயும் அதே லாரியில் வந்தது. தடுப்பூசி போட்டவர்களும் செத்தார்கள்.

குறிப்புகள் கண்முன்னே கிடந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அதிகமும் சிறுபிள்ளைகளைத் தாக்கும், இங்கே விழுந்தவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள், பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்கள். கொசு மலாய்க் கம்பத்திலும் கடிக்கும், தோட்டத்து லயத்திலும் கடிக்கும். கடித்த இடமெல்லாம் நோய் இல்லையே? 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங் புது வைரஸைப் பிரித்தெடுத்தார். நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு வந்தது. மூலம் பழந்தின்னி வௌவால், இடைத்தரகர் பன்றி. மொத்தம் 265 பேருக்கு நோய், 105 மரணம். பத்து லட்சத்தை ஒட்டிய பன்றிகள் கொல்லப்பட்டன, இராணுவம் குழி வெட்டியது.

புகை அடித்தவர்களைக் கேலி செய்ய மாட்டேன், கொசுவை அவர்கள் முன்பே சந்தித்திருந்தார்கள். சந்தித்த எதிரியையே மறுபடி எதிர்பார்ப்பதுதான் எல்லாருடைய சுபாவமும். கோபம் வருவது, பொருந்தாத தகவல்கள் வரிசையாக வந்தபோதும் புகை மருந்து ஓய்வில்லாமல் ஓடியதில்.

*

சம்பள நாள். முன்பெல்லாம் கிராணி பட்டணத்து வங்கியிலிருந்து ரொக்கம் எடுத்து வருவார். டாருராட் காலத்தில் துப்பாக்கிக் காவலோடு. வழியில் பறிபோனால் நஷ்டம் கம்பெனிக்கு. பிறகு சம்பளம் வங்கியில் விழத் தொடங்கியது. வழிப்பறி பயம் போயிற்று என்று சொன்னார்கள். கம்பெனிக்குப் போயிற்று, உண்மைதான். அந்தப் பயம் அட்டை வடிவில் தொழிலாளி பைக்குள் வந்து உட்கார்ந்தது.

வட்டிக்காரன் ஆ லோங்கிடம் கடன் வாங்கினால் முதலில் கேட்பது ஏடிஎம் கார்டு, அடுத்தது பின் நம்பர். சம்பளம் விழுந்த அன்றைக்கு அவன் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருவான். ஒரு அக்கா சொன்னது: "பின் நம்பர் அவனுக்குத்தான் தெரியும் தம்பி, எனக்கு மறந்தே போச்சு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தக் கணக்கில் நாளைக்கு எவனோ ஏமாற்றிய பணம் வந்து போனால் போலீஸ் தேடி வருவது அக்காவைத்தான். கணக்கை அடுத்தவருக்குக் கொடுப்பதை 2024இல் தண்டனைச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். கடன்பட்டவர் கொடுத்தாரா, பிடுங்கப்பட்டாரா என்பதை யார் பிரித்துப் பார்ப்பது?

*

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வருகிறது. படம் இல்லை, ஏபிகே கோப்பு. யார் வீட்டுக் கல்யாணமோ என்று அழுத்தினால் ஒரு செயலி இறங்கி, வருகிற எஸ்எம்எஸ்ஸையெல்லாம் வேறொருவனுக்கு அனுப்பும். வங்கியின் ஓடிபியும் அதில் அடக்கம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போகாமல் இருக்கத் தெரியாத சனத்திடம் இதைவிட நல்ல தூண்டில் கிடையாது.

2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மற்ற வங்கிகளுக்குச் சில கட்டளைகள் போட்டது. எஸ்எம்எஸ் ஓடிபியைக் கைவிடுங்கள், ஒரு கணக்குக்கு ஒரு கைப்பேசி மட்டும், புதிதாகப் பதிந்தால் சில மணி நேரம் காத்திருப்பு. அக்டோபரில் மோசடிப் புகாருக்கு 997 என்ற அவசர எண்ணும் வந்தது. எல்லாம் சரியான கட்டளைகள். திருடனை நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதியவை.

வீட்டைத் தெரிந்தவர்கள் எழுதினார்களா என்றுதான் சந்தேகம். சிலியாவ் பக்கம் தாத்தாவின் வங்கிச் செயலி பேரன் கைப்பேசியில் இருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். ஒருவருக்கு ஒரு கருவி என்கிறது விதி, இங்கே ஒரு கருவிக்கு நாலு பேர். பேரன் நீலாய் ஃபேக்டரிக்கு ஷிப்ட் போனால் தாத்தாவின் பணமும் சேர்ந்து ஷிப்ட் போகிறது. பேரன் போனை மாற்றினால் மறுபடி பதிவு, மறுபடி காத்திருப்பு, அதற்குள் சமையல் கேஸ் தீர்ந்துவிடும். "கவுண்டர்லயே எடுத்துக்கிறேன்யா" என்று தாத்தா சிரம்பானுக்குப் பஸ் ஏறுகிறார். போக வரச் செலவு அவருடையது. அன்றைக்கு அரை நாள் போயிற்று.